எந்த அங்குலத்தில் 72 பாயிண்ட்?

கேள்வி: 1826-இல் பாரிஸில் அச்சான பிரெஞ்சு ஜெபப் புத்தகம் ஒன்று எங்கள் பாட்டி வழியாக என்னிடம் வந்திருக்கிறது. அதே அளவில் மறுபதிப்பு செய்ய ஆசை. உள்ளட்டையில் ஒட்டிய சீட்டில் எழுத்து 9 பாயிண்ட் என்றும், அச்சுப்பரப்பின் உயரம் 5 அங்குலம் 3 லிஞ் (12 லிஞ் ஓர் அங்குலம்) என்றும் எழுதியிருக்கிறது. டிடிபி கடையில் அப்படியே போட்டார்கள், 42 வரியும் சரியாக உட்கார்ந்தது. ஆனால் பழைய பக்கத்தின் மேல் வைத்துப் பார்த்தால் சிறியதாக இருக்கிறது. தப்பு எங்கே? — வாசகர், புதுச்சேரி

தப்பு அங்குலத்தில் இருக்கிறது. சீட்டில் உள்ளது பழைய பிரெஞ்சு அங்குலம், 27.07 மில்லிமீட்டர். கடையில் எடுத்துக்கொண்டது நம் ஸ்கேலில் இருக்கும் அங்குலம், 25.4 மில்லிமீட்டர்.

இது ஏன் கண்ணில் படவில்லை என்றால், இரண்டு அங்குலத்துக்கும் 72 பாயிண்ட்தான். பாரிஸில் பிரான்சுவா-அம்புருவாஸ் டிடோ 1780களில் பிரெஞ்சு அங்குலத்தை 72 கூறு போட்டார். அதுதான் டிடோ பாயிண்ட், 0.376 மி.மீ. இருநூறு வருடம் கழித்து, கணினிப் பக்கத்தை அச்சுப்பொறிக்கு விவரிக்கும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி வந்தபோது ஆங்கில அங்குலத்தை 72 கூறு போட்டார்கள், அது 0.353 மி.மீ. ஐந்தே கால் அங்குலம் என்றால் 378 பாயிண்ட், ஒன்பதால் வகுத்தால் 42 வரி. எந்த அங்குலத்தை எடுத்தாலும் இந்தக் கணக்கு அச்சு அசலாக வரும். பக்கம் மட்டும் 9 மி.மீ. குட்டையாகிவிடும். அதனால் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பிரயோஜனம் இல்லை, மில்லிமீட்டர் ஸ்கேலைப் புத்தகத்தின் மேல் வைத்தால்தான் தெரியும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒரே ஒரு பெருக்கல். சீட்டில் உள்ள பாயிண்ட் எதுவானாலும் 1.0657-ஆல் பெருக்குங்கள். 9 பாயிண்ட் 9.59 ஆகும். வரிக்கு வரி இடைவெளியும் அதே 9.59தான், வரிகளுக்கு நடுவே ஈயத்தகடு வைக்காமல் கோத்த பக்கம் இது. உயரம் 403 பாயிண்ட், அதாவது 142 மி.மீ.

மென்பொருளில் அளவுப் பட்டியலைத் திறந்தால் வெறும் பாயிண்ட் என்று மட்டும் போட்டிருக்கும். யாருடைய பாயிண்ட் என்று அந்த இடத்திலேயே ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் ஸ்கேல் அலகாக சிசெரோ, அதாவது 12 டிடோ பாயிண்ட், இருக்கிறது. டெக் (TeX) என்ற பக்கம் கோக்கும் மென்பொருளில் டிடோ பாயிண்டே தனி அலகாக இருக்கிறது. கடையில் இருப்பவருக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

உங்கள் புத்தகத்தின் வருடம் 1826 என்பதால் ஒன்றைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும். 1812-இல் நெப்போலியன் அரசு மக்களுக்குப் பழகட்டும் என்று ஒரு நடுவழி அளவைக் கொண்டுவந்தது. மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு ஓர் அடி, அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு அங்குலம். அந்த அங்குலம் 27.78 மி.மீ. 1839 முடியும் வரை இது புழக்கத்தில் இருந்தது. சீட்டை எழுதியவர் கையில் இருந்தது இந்தப் புது அளவுகோல் என்றால் உயரம் 146 மி.மீ. ஆகிவிடும். எப்படிக் கண்டுபிடிப்பது? எழுத்தைக் கேளுங்கள். எழுத்து வார்க்கும் அச்சுகளை யாரும் மாற்றவில்லை, டிடோ பாயிண்ட் பழைய அடியிலேயே நின்றது. 9 பாயிண்டில் 42 வரி என்றால் 142 மி.மீ.தான், 146 வராது. ஆக, உங்கள் சீட்டு பழைய அளவில் எழுதியது. வேறொரு புத்தகத்தில் சீட்டும் வரிக்கணக்கும் ஒத்துவரவில்லை என்றால் வரிக்கணக்கை நம்புங்கள். அந்தக் காலத்தில் தாளை ஈரப்படுத்தி அச்சடித்தார்கள், காய்ந்தபோது அது சற்றுச் சுருங்கியிருக்கும். உங்கள் ஸ்கேலில் 140, 141 என்று வந்தால் பயப்பட வேண்டாம்.

சரி, இனி என் முக்கியமான எச்சரிக்கை. ‘ஸ்கேன் பண்ணி அசல் சைஸுக்கே கொண்டுவந்துடறேன் சார்’ என்று சொல்லும் இடைத்தரகரிடம் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். நான் ஒருமுறை கொடுத்து ஏமாந்தேன். போனில் படம் எடுத்து, பக்கத்துக்குள் பொருந்துகிற மாதிரி இழுத்திருந்தார். வட்டமான ‘ஓ’ எழுத்து முட்டை மாதிரி நின்றது. முன்பணம் திரும்பி வரவே இல்லை. போன் படத்துக்கு அளவு என்று ஒன்று கிடையாது. படம் எடுத்தே ஆக வேண்டும் என்றால் பக்கத்தின் ஓரத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். ‘பழைய அளவு மாற்றுவதற்கு’ என்று தனியாகக் கட்டணம் கேட்பவரையும் நம்ப வேண்டாம். மேலே சொன்ன ஒரு பெருக்கலுக்கு மேல் அதில் வேலையே இல்லை.

முதல் தாளை எடுக்கும்போது ‘ஃபிட் டு பேஜ்’ நீக்கிவிட்டு 100 சதவீதத்தில் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வரியின் அடியிலிருந்து இருபது வரி தள்ளி, இருபத்தோராவது வரியின் அடி வரை அளங்கள். 67.7 மி.மீ. வர வேண்டும். 63.5 வந்தால் இன்னும் ஆங்கில அங்குலத்திலேயே இருக்கிறார்கள். அப்புறம்தான் மீதிப் பணம்.