‘வந்தது’ எங்கே போகிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். பெங்களூரு வியாபாரிகளுக்கு ஆங்கிலத்தில்தான் வாட்ஸ்அப் அனுப்ப வேண்டும். ‘டிட் த லாரி ரீச்ட்?’, ‘த லோடு டிடின்ட் கேம்’ என்று எழுதுவேன். தப்பு என்கிறாள் மகள். நடந்து முடிந்ததற்கு ‘கேம்’தானே சரி?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மகள் சொல்வதுதான் சரி. காரணத்தைத் தமிழிலேயே பார்க்கலாம். ‘லோடு வந்தது’ என்பதை மறுக்கும்போது ‘வந்தவில்லை’ என்றா சொல்கிறோம்? ‘வரவில்லை’. காலம் காட்டும் ‘வந்த’ விலகி, காலமே இல்லாத ‘வர’ வந்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் அப்படியே: ‘டிடின்ட் கம்’. இறந்தகாலத்தை ‘டிட்’ எடுத்துக்கொண்டதால் ‘கேம்’ வெறும் ‘கம்’ ஆகிறது. ‘டஸ்’ வந்தாலும் இதே கதைதான். ‘ஹி டேக்ஸ்’ என்பதன் ஸ், ‘டஸ் ஹி டேக்?’ என்னும்போது ‘டஸ்’ஸுக்குப் போய்விடும்.

ஆனால் நம் ‘வரவில்லை’ நேற்றைக்கும் இந்த நிமிடத்துக்கும் பொது. ஆங்கிலத்தில் பிரித்தாக வேண்டும். நேற்று வரவில்லை: ‘டிடின்ட் கம்’. இன்னும் வரவில்லை: ‘ஹேஸின்ட் கம்’. வருவதில்லை: ‘டஸின்ட் கம்’. காத்திருக்கும் லாரிக்கு ‘டஸின்ட் கம்’ என்று அனுப்பினால், அது வழக்கமாகவே வராத லாரி என்றாகிவிடும்.

கேள்வியில்தான் தமிழ் காலை வாருகிறது. ‘வந்தது’ அப்படியே நிற்க, வாலில் ஒரு ‘ஆ’ ஒட்டினால் ‘வந்ததா?’ ஆகிவிடுகிறது. அந்தப் பழக்கத்தில்தான் ‘டிட்’ போட்ட பிறகும் ‘ரீச்ட்’ என்று கை எழுதுகிறது. ‘டிட் த லாரி ரீச் பெங்களூரு?’ என்று எழுதுங்கள். (‘ரீச்’சுக்குப் பின்னால் போய்ச் சேரும் இடம் வேண்டும். நம்மூர் ஆங்கிலம் அதை விழுங்கிவிடும்.)

வாக்கியத்தில் ஏற்கெனவே இஸ், ஆர், வாஸ், கேன், வில் இருந்தால் கேள்விக்கு ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ எதையும் தேடாதீர்கள், இருப்பதை முன்னால் தூக்கி வைத்தால் போதும். ‘த ரேட் இஸ் ஃபைனல்’, ‘இஸ் த ரேட் ஃபைனல்?’. ‘ஹேவ்’ மட்டும் இரண்டு வேஷம் போடும். ‘செந்தூரா இருக்கிறதா?’ என்று சரக்கைக் கேட்டால் ‘டூ யூ ஹேவ் செந்தூரா?’, ‘எடை போட்டாயிற்றா?’ என்றால் ‘ஹேவ் யூ வெய்ட் (weighed) இட்?’.

இன்னொரு பொறி ‘ஹூ’. யார் என்பதே எழுவாயாக இருந்தால் ‘டிட்’ வராது: ‘ஹூ டுக் த லோடு?’. எப்போது எடுத்தான் என்றால் ‘வென் டிட் ஹி டேக் த லோடு?’. இரண்டாவதில் எழுவாய் ‘ஹி’. அதற்கு முன்னால் நிற்கத்தான் ‘டிட்’ வருகிறது.