கோலாலம்பூரில் காகிதப்பூச் செடி இலையாகவே தழைக்கிறது, பூப்பதில்லையே, ஏன்?

காகிதப்பூவில் நாம் பூ என்று ரசிப்பது நிறம் மாறிய இலை. தாவரவியலில் பூவடிச்செதில். மூன்று செதில்களுக்கு நடுவே குச்சிபோல நிற்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ.

இது வறண்ட காலம் பார்த்துப் பூக்கும் செடி. தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் கிளையும் இலையும்தான் வளரும். சம்பளம் கை நிறைய வந்துகொண்டிருக்கும்போது சேமிப்பு நினைவுக்கு வராது அல்லவா, அப்படித்தான். பினாங்கில் ஜனவரி, பிப்ரவரி வெயிலில் இது கொட்டிப் பூப்பதும், கோலாலம்பூரின் மாலை மழையில் முரண்டு பிடிப்பதும் இதனால்தான்.

தரையைவிடத் தொட்டியே நல்லது, 30 செ.மீ. அகலம் போதும், வேர் நெருங்கியிருந்தால் நன்றாகப் பூக்கும். இரண்டு பங்கு மண், ஒரு பங்கு கரடுமுரடான மணல், ஒரு பங்கு எரித்த உமி. கார் போர்ச் நிழல் உதவாது. நேர் வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும். விரலை இரண்டு கணு மண்ணில் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் தண்ணீர் வேண்டாம். தொட்டிக்கடியில் தட்டு வைக்காதீர்கள். வேர் அழுகும், ஏடிஸ் கொசுவும் குடியேறும். பூ உதிர்ந்ததும் கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். புதுத் துளிரில்தான் அடுத்த பூ.

பூக்கவில்லையே என்று யூரியா அள்ளிப் போடுவோர் பலர். அதிலுள்ள தழைச்சத்து இலையைத்தான் பெருக்கும், பூவை இன்னும் தள்ளிப்போடும்.