நாயைக் கொன்றால் 50 ரூபாய்தானா தண்டனை?

கேள்வி: நான் தினமும் சோறு வைத்து வந்த தெருநாயை எதிர்வீட்டுக்காரர் கறியில் விஷம் கலந்து வைத்துக் கொன்றுவிட்டார். அவர் பொட்டலத்தைப் பிரித்து வைப்பது பக்கத்து வீட்டு கேமராவில் பதிவாகியிருக்கிறது. நாயைப் புதைத்து சில நாட்கள் ஆகின்றன. காவல் நிலையத்தில், "அம்பது ரூபா அபராதத்துக்கு எதுக்கும்மா கேஸு, சமாதானமாப் போங்க" என்கிறார்கள். விலங்கு நல அதிகாரி என்று அட்டை காட்டிய ஒருவர், பணம் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். போட வைப்பதாகச் சொல்கிறார். புதுச் சட்டத்தில் ஐந்து வருடம் ஜெயில் என்பது உண்மையா?

பதில்: முதலில் அந்த ஆளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். எஃப்.ஐ.ஆர். பதியக் கட்டணம் கிடையாது. நகலைக்கூட புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. யார் எந்த அட்டை வைத்திருந்தாலும் எஃப்.ஐ.ஆர். பதிவது காவல் நிலையத்தின் வேலை. இப்படி நுழைகிறவர்கள் இறந்த நாயின் படத்துக்குக் கீழே தங்கள் க்யூ.ஆர். கோடைப் போட்டு வசூல் செய்வதையும், பிறகு எதிர்த்தரப்பிடமும் கை நீட்டி 'சமரசம்' பேசுவதையும் நான் பார்த்து நொந்திருக்கிறேன். கேமரா பதிவை அந்த அட்டைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுக் கருவியில் பழைய பதிவு தானாக அழிந்துவிடும். இன்றே பிரதி எடுத்து, வெட்டாமல் ஒட்டாமல் வைத்திருங்கள்.

இனி தண்டனை. காவலர் சொன்னது பாதி உண்மை. 1960-ம் ஆண்டின் மிருகவதை தடுப்புச் சட்டம், 11-வது பிரிவின்படி முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விடாமல் குரல் கொடுத்ததன் பலனாக வந்த சட்டம் அது. அன்று 50 ரூபாய்க்கு ஒரு கனம் இருந்தது. அதை உயர்த்த வேண்டும் என்று 2014-ல் ஜல்லிக்கட்டு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டு, மக்களிடம் கருத்தும் கேட்டது. வரைவு வரைவாகவே கிடக்கிறது. ஓர் உயிரைத் துடிக்கத் துடிக்கக் கொன்றவருக்கு 50 ரூபாய் என்று நீதிமன்றத்தில் வாசிக்கக் கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

மறுபாதி உண்மை உங்களுக்குச் சாதகமானது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவு, எந்த விலங்கையும் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது ஆகியவற்றுக்கு ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. 'வரை' என்பதைக் கவனியுங்கள். ஐந்து வருடம் நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஜாமீனும் கிடைக்கும். ஆனால் நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திராமல் போலீஸ் வழக்குப் பதிந்து விசாரிக்க வேண்டிய குற்றம் இது.

எதிர்த்தரப்பு வக்கீல், 'இந்தப் பிரிவு உடைமைக்குச் சேதம் செய்வதைப் பற்றியது, தெருநாய்க்கு உரிமையாளர் இல்லை, யாருக்கும் நஷ்டமில்லை, 325 செல்லாது' என்று வாதிடுவார். அதனால் மிருகவதைச் சட்டத்தின் 11(1)(எல்) பிரிவையும் சேர்க்கச் சொல்லிப் புகாரில் எழுதுங்கள். கொடூரமான முறையில் கொல்வதைப் பற்றிய அந்த உட்பிரிவில் தெருநாய்கள் என்று வெளிப்படையாகவே இருக்கிறது. அதே சட்டத்தின் 31-வது பிரிவுப்படி அதற்கும் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். அபராதம் அதே 50 ரூபாய்தான். இருந்தாலும் இரண்டும் சேர்ந்து நின்றால் வழக்கைத் தட்டிக்கழிப்பது கடினம்.

எதிர்வீட்டுக்காரர், 'நாய் கடிக்க வந்தது' என்று சொல்லக்கூடும். இதை நிதானமாகப் புரிந்துகொள்ளுங்கள். குழந்தை மீது பாய்கிற நாயை அந்த நொடியில் கட்டையால் அடித்து, அது செத்தே போனாலும் குற்றமாகாது. தற்காப்பு என்பது ஆபத்து கண்ணெதிரே இருக்கும் வரைதான். நேற்று கடித்த நாய்க்கு இன்று விஷம் வைப்பது தற்காப்பு ஆகாது. நாளை கடிக்கும் என்று பயந்து வைப்பதும் ஆகாது. வெறி பிடித்த நாய் என்று சந்தேகப்பட்டால்கூட உள்ளாட்சி அமைப்புக்குத்தான் சொல்ல வேண்டும்; பிடித்துத் தனியே வைத்துக் கண்காணிப்பது அவர்கள் பொறுப்பு. கறி வாங்கி, மருந்து கலந்து, பொட்டலமாக மடித்து, ஆளில்லாத நேரம் பார்த்து வைத்தவர் தற்காப்பு பேச முடியாது.

புதைத்த இடத்தை நீங்களே தோண்டாதீர்கள். உடலை எடுத்து அரசு கால்நடை மருத்துவரைக் கொண்டு பிரேதப் பரிசோதனை செய்யவும், உள்ளுறுப்பு மாதிரியைத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பவும் புகாரிலேயே கேளுங்கள். நாள் போகப் போக விஷத்தின் தடயம் குறையும்.

சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அது மனுவைப் பெற்றதற்கான சீட்டு மட்டுமே, வழக்கு அல்ல. எஃப்.ஐ.ஆர். மறுத்தால் புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். காவல் ஆணையர் இருக்கும் மாநகரம் என்றால் அவருக்கு. அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். 'சமாதானமாகப் போகிறேன்' என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நாளை அதைத்தான் நீதிமன்றத்தில் நீட்டுவார்கள். மிருகவதைச் சட்டத்தில் குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வழக்கு தொடர்ந்தாக வேண்டும். 'அடுத்த வாரம் வாங்க' என்று அலைக்கழித்தே அந்தக் கெடுவைத் தாண்ட வைப்பார்கள். தபாலை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.