மன்னிக்க ஒரு வார்த்தை போதாதா?

ஞாயிறு பள்ளியில் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "சிலுவையை விளக்க, குற்றவாளியை விட்டுவிட்டுத் தன் மகனுக்குத் தண்டனை கொடுத்த நீதிபதியின் கதையைச் சொன்னேன். ஒரு பையன் எழுந்து, 'அது அநியாயம் இல்லையா? கடவுள் நினைத்தால் ஒரு வார்த்தையில் மன்னித்திருக்கலாமே, எதற்கு மனிதனாகப் பிறந்து சாக வேண்டும்?' என்றான். பதில் சொல்ல முடியவில்லை. வேதத்தில் எங்கிருந்து ஆரம்பிப்பது? பலி ஒரேதரம் முடிந்துவிட்டதென்றால், பவுல் ஏன் நம்மை ஜீவபலியாகச் சொல்கிறார்?"

சகோதரி, அந்தப் பையன் சரியாகவே கேட்டிருக்கிறான். அந்தக் கதை அநியாயம்தான். அதில் நீதிபதி ஒருவர், குற்றவாளி ஒருவன், இடையில் சம்பந்தமில்லாமல் அடிபடும் மகன் ஒருவன் என்று மூன்று தனித்தனி ஆட்கள் இருக்கிறார்கள். வேதம் சொல்வது அப்படி இல்லை. தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்கிறது 2 கொரிந்தியர் 5:19. தள்ளி உட்கார்ந்து தீர்ப்பெழுதியவர் அல்ல அவர். மகனும் வலுக்கட்டாயமாக இழுத்து வரப்பட்டவர் அல்ல. தம் ஜீவனை யாரும் தம்மிடமிருந்து எடுக்க முடியாது, தாமே கொடுப்பதாக யோவான் 10:18-ல் சொல்கிறார். நம் பக்கத்திலும் அவர் அந்நியர் அல்ல. பிள்ளைகள் மாம்சமும் இரத்தமும் உடையவர்களாக இருந்ததால் அவரும் அப்படியே ஆனார் என்கிறது எபிரெயர் 2:14. அவர் மனிதரானதை விட்டுவிட்டுச் சிலுவையை விளக்கப்போனால் கொடுமைதான் மிஞ்சும். உங்கள் வகுப்பில் நடந்தது அதுவே. இனிமேல் அந்தக் கதையை விட்டுவிடுங்கள்.

சரி, ஒரு வார்த்தையில் மன்னித்திருக்கலாமே? மன்னித்தும் இருக்கிறார். மாற்கு 2-ல் கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரனிடம், உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று இயேசு சொல்லும்போது அங்கே பலியும் இல்லை, பலிபீடமும் இல்லை. ஆனால் வேதம் பாவத்தைக் கணக்குப் புத்தகத்தில் அடித்துவிடக்கூடிய ஒரு வரியாக மட்டும் பார்ப்பதில்லை. அது மனிதனைப் பிடித்துவைத்திருக்கும் அடிமைத்தனம். அதன் முடிவு மரணம். மரண பயத்தினாலே வாழ்நாள் முழுதும் அடிமைப்பட்டிருந்தவர்களை விடுவிக்கவே அவர் மாம்சமானார் என்று எபிரெயர் 2:15 தொடர்கிறது. சாகிறவனிடம் வெளியே நின்று "நீ சாகமாட்டாய்" என்று அறிவித்துப் பயனில்லை. மரணத்துக்குள்ளேயே போய் அதை உடைக்க வேண்டும். போவதற்கு, சாகக்கூடிய ஒரு உடல் வேண்டும். நாலாம் நூற்றாண்டில் நசியான்சுஸ் ஊர் கிரகோரியார் இதைச் சுருக்கமாகச் சொன்னார்: அவர் எதைத் தம்மேல் எடுத்துக்கொள்ளவில்லையோ, அது குணமாகவும் இல்லை.

வகுப்பை லேவியராகமம் 16-லிருந்து தொடங்குங்கள். பிள்ளைகளுக்குச் சலிப்பாக இருக்கும் என்று பயப்பட வேண்டாம். மெதுவாகப் படித்தால் ஒரு காட்சியாகவே விரியும். வருஷத்துக்கு ஒரே நாள், இஸ்ரவேலரின் பாவநிவிர்த்தி நாள். பிரதான ஆசாரியன் தன் பகட்டான உடையைக் கழற்றிவிட்டு, குளித்து, வெறும் சணல்நூல் வஸ்திரம் போட்டுக்கொள்கிறான். முதலில் தன் பாவத்துக்காகவே ஒரு காளையைக் கொல்ல வேண்டும். இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களுக்குச் சீட்டுப் போடுகிறார்கள். ஒன்று பலியாகிறது. மற்றதின் தலையில் அவன் இரண்டு கைகளையும் வைத்து ஜனங்களின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட, அது உயிரோடு வனாந்தரத்துக்குக் கொண்டுபோய் விடப்படுகிறது. அடுத்த வருஷம் மறுபடியும் இதே காளை, இதே கடாக்கள்.

அப்புறம் இரண்டு வசனங்களைப் பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள். லேவியராகமம் 17:11-ல், பாவநிவிர்த்திக்கான இரத்தத்தைப் பலிபீடத்தின்மேல் ஏற்படுத்தியவர் தேவனே. கோபத்தில் இருக்கும் கடவுளுக்கு மனிதன் கொடுக்கும் லஞ்சம் அல்ல பலி. வழியைத் திறந்ததே அவர்தான். 5:11-ல், இரண்டு புறாக்களுக்குக்கூட வகையில்லாத ஏழை ஒரு எப்பா அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவைப் பாவநிவாரண பலியாகக் கொண்டுவரலாம். இரத்த வெறி பிடித்த தெய்வம் என்று நினைக்கிற பையனுக்கு நான் முதலில் காட்டுவது இந்த மாவைத்தான்.

இதற்குப் பிறகு எபிரெயர் 10-க்கு வந்தால் வெளிச்சமாகிவிடும். காளை, வெள்ளாட்டுக்கடா இவற்றின் இரத்தம் பாவங்களை நீக்க முடியாது என்கிறார் ஆசிரியர். ஏன்? ஆட்டுக்குச் சம்மதம் கிடையாது. என்ன நடக்கிறதென்றே அதற்குத் தெரியாது. உலகத்துக்குள் வருகிற கிறிஸ்துவோ, "ஒரு சரீரத்தை எனக்கு ஆயத்தம்பண்ணினீர்" என்றும், தேவனுடைய சித்தத்தைச் செய்ய இதோ வருகிறேன் என்றும் சொல்லிக்கொண்டே வருகிறார். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். பெத்லகேமில் கிடைத்த உடலையே கொல்கொதாவில் கொடுத்தார். இடையில் பசித்ததும், அழுததும், கெத்செமனேயில் "என் சித்தத்தின்படியல்ல" என்று வியர்த்துப் போராடியதும் அந்தப் பலிக்குள் அடங்கியவைதான். பல நூற்றாண்டுகளாக எந்த மனிதனும் முழுசாகக் கொடுக்காத கீழ்ப்படிதலை ஒரு மனிதராக நின்று கொடுத்தார். அவர் மனிதராகாமல் அது நடந்திருக்காது.

அதே அதிகாரத்தின் 11, 12-ஆம் வசனங்களில் இன்னொன்றையும் காட்டுங்கள். ஆசாரியன் நாள்தோறும் நிற்கிறான்; இவரோ ஒரே பலியைச் செலுத்திவிட்டு உட்கார்ந்தார். யாத்திராகமத்தில், ஆசாரியர்கள் ஊழியம் செய்த ஆசரிப்புக்கூடாரத்தின் சாமான்களைப் பட்டியலிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: பெட்டி, மேஜை, குத்துவிளக்கு, தூபபீடம், பலிபீடம், தொட்டி. உட்கார ஒரு நாற்காலி இல்லை. வேலை முடியாத இடம் அது.

பலி எப்படிப் பலன் தருகிறது என்பதில் சபைகள் ஒரே மாதிரி பேசுவதில்லை. மரணத்தின்மேல் வெற்றி, தேவனுக்குரிய கனத்தைச் செலுத்துதல், நமக்குப் பதிலாகத் தண்டனையைச் சுமத்தல் என்று வெவ்வேறு பக்கங்களை அழுத்துகிறார்கள். 451-ல் சபைத் தலைவர்கள் கூடிய கல்கெதோன் சங்கம் கிறிஸ்து முழுத் தேவனும் முழு மனிதனும் என்று வரையறுத்தது. பாவநிவிர்த்திக்கு அப்படி ஒற்றை விளக்கத்தைக் கட்டாயமாக்கவில்லை. பதினைந்து வயதில் இந்தப் பட்டியல் தேவையில்லை. பெரியவர்கள் கேட்டால் சொல்லுங்கள்.

கடைசிக் கேள்வி. ரோமர் 12:1-ன் ஜீவபலி, முடிந்த பலியோடு நாம் கூட்டிச் சேர்க்கும் மிச்சம் அல்ல. பவுல் பதினொரு அதிகாரம் தேவ இரக்கத்தைப் பற்றியே பேசிவிட்டு, அந்த இரக்கங்களை முன்னிட்டு நம் சரீரங்களைக் கேட்கிறார். பாவநிவிர்த்திக்கான பலி ஒன்றுதான், அது ஆயிற்று. நம்முடையது ஸ்தோத்திர பலி. அது எப்படி இருக்கும் என்று பையன் கேட்டால் எபிரெயர் 13:15, 16-ஐ வாசிக்கச் சொல்லுங்கள்: உதடுகளின் துதி, நன்மை செய்வது, உள்ளதைப் பகிர்ந்து கொடுப்பது.