மூன்று பேர் போதும் சிஸ்டர், நிறுத்திவிடாதீர்கள்

ஸ்தோத்திரம் சிஸ்டர். வில்லாபுரத்தில் ஆரம்பித்த பெண்கள் ஜெபக்குழு ஏழு பேரிலிருந்து மூன்றாகிவிட்டது, வருகிறவர்களும் வாய்விட்டு ஜெபிக்கக் கூச்சப்படுகிறார்கள், நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் சிஸ்டர். இரண்டு மூன்று பேர் தம் நாமத்தில் கூடினால் அவர்கள் நடுவில் இருப்பதாக மத்தேயு 18:20-ல் ஆண்டவர் சொன்னாரே, அவர் சொன்ன கணக்கே அவ்வளவுதான். பிலிப்பி பட்டணத்தில் அப்போஸ்தலன் பவுல் முதலில் பேசியதும் ஆற்றங்கரையில் கூடியிருந்த பெண்களிடம்தானே.

நேரத்தை மாற்றிப் பாருங்கள். மாலை 6 மணி என்றால் பிள்ளைகள் ட்யூஷன், ராத்திரிச் சமையல் எல்லாம் ஒன்றாக வரும். ஆனையூரில் நாங்கள் காலை 11 மணிக்கு மாற்றிய பிறகுதான் ஆட்கள் நிலைத்தார்கள். முக்கால் மணி நேரம், அதற்குமேல் இழுப்பதில்லை. டீ, பலகாரமும் கிடையாது. அதனால்தான் வசதி குறைந்தவர்களும் "எங்க வீட்டுக்கு வாங்க" என்று கூப்பிட்டார்கள்.

எங்களில் ஒரு அக்கா பூக்கட்டுகிறவர். மடியில் மல்லிகையும் நாருமாக உட்காருவார், நாலு மாதம் வாயே திறக்கவில்லை. ஒருநாள் கை நின்றது. "ஆண்டவரே, எம் மகன் குடிய விடணும்." அவ்வளவுதான். எல்லோரும் அழுதுவிட்டோம். ஒரு வரி போதும் என்று உங்கள் குழுவிலும் சொல்லிவையுங்கள். அதுவும் முடியாதவர் சங்கீதத்தில் ஒரு வசனம் வாசிக்கட்டும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: அங்கே சொன்னது, "இவருக்காக ஜெபியுங்கள்" என்று ஜெபக்குறிப்பு கொடுக்கிற பெயரில்கூட, வெளியே போகக் கூடாது. நின்றுபோன நால்வரில் யாருக்காவது, சொன்னது வெளியே போன அந்தக் காயம் இருக்கலாம். போனில் கேட்காமல் நேரில் போய்ப் பாருங்கள். மார்ச் முதல் வெள்ளி உலக ஜெப தினம், அதற்குக் கூப்பிட்டால் மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.