மூன்று மீட்டர் குழாய் ஓடினால் டர்போ தூங்கிவிடுமா?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது 2001 மாடல் ஹோண்டா சிட்டி 1.5 விடெக். டிராக்கில் ஓட்டுவதற்கென்றே ஒதுக்கிய வண்டி. பழைய டிடி04 டர்போ ஒன்று (எக்ஸாஸ்ட் புகையில் சுழன்று காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுவது), அமுக்கியதில் சூடான அந்தக் காற்றைக் குளிர்விக்கும் ஒரு இன்டர்கூலர், இவற்றை எஞ்சினோடு இணைக்க இரண்டரை இன்ச் அலுமினியக் குழாய் செட் எல்லாம் ஏற்கெனவே வாங்கிவிட்டார். அரை பார் பூஸ்ட் (வெளிக்காற்றைவிட அரை மடங்கு கூடுதல் அழுத்தம்), 150 குதிரைத்திறன், அதற்கு மேல் ஆசை இல்லை என்கிறார், நல்ல புத்தி. பட்டறைக்காரரோ, "குழாய் மூணு மீட்டர் வருதுங்க, லேக் அடிக்கும், முன்னாடி இருக்கிற பீமை வெட்டிட்டு எஞ்சின் மேலயே குறுக்கால கொண்டுபோயிடலாம்" என்கிறாராம். லேக் என்றால் மிதித்ததற்கும் இழுவை வருவதற்கும் நடுவிலுள்ள தாமதம். முதல் சோதனையில் ஒரு சிலிகான் ஹோஸ் வேறு கழன்று துள்ளியிருக்கிறது. குழாயை எந்த வழியில் கொண்டுபோவது, எவ்வளவு பருமனில் போடுவது, ஹோஸ் ஏன் கழல்கிறது என்பவைதான் அவருடைய கேள்விகள்.

முதலில் பீமை விட்டுவிடுங்கள். பம்பருக்குப் பின்னால் குறுக்கே ஓடும் அந்த இரும்புதான் முன்னால் இடித்தால் முதல் அடியை வாங்குவது. டிராக்கிலும் சுவர் இருக்கிறது. இன்டர்கூலர் அதற்குக் கீழே உட்கார்ந்தால் போதும், உட்காரவில்லை என்றால் சின்ன இன்டர்கூலர் வாங்குங்கள்.

அடுத்தது நீளம். இந்த லேக் பயத்தை இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. இரண்டரை இன்ச் குழாயின் உள்விட்டம் சுமார் 60 மில்லிமீட்டர். மூன்று மீட்டருக்கு அதன் கொள்ளளவு எட்டரை லிட்டர். அரை பார் அழுத்தம் ஏற வேண்டுமென்றால் வெளிக்காற்றில் இன்னும் நாலேகால் லிட்டரை அதற்குள் அமுக்க வேண்டும். உங்கள் 1.5 லிட்டர் எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில், பூஸ்ட் இல்லாமலே, ஒரு விநாடிக்கு 32 லிட்டர் காற்றை இழுக்கிறது. அதாவது மொத்தக் குழாயும் நிரம்பத் தேவையான காற்று, எஞ்சின் 0.13 விநாடியில் குடித்துவிடும் அளவுதான். பீமை வெட்டி ஒரு மீட்டரை மிச்சம் பிடித்தால் உங்களுக்குக் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்கு. கண் சிமிட்டும் நேரத்தில் பாதிகூடக் கிடையாது! டர்போவின் சக்கரம் வேகமெடுக்கும் நேரமும் இதோடு சேரும் என்பதால் நிஜத்தில் கணக்கு கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், ஆனால் நீங்கள் சீட்டில் உட்கார்ந்து உணரும் அந்த இழுவைத் தாமதம் குழாய் நீளத்தால் வருவதில்லை. பெரிய டர்போ, எஞ்சினின் புகையை டர்போவுக்குக் கொண்டுவரும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் கசிவது, எங்கோ 'உஸ்' என்று காற்றை விடும் ஒரு ஜாயின்ட், இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

பருமனுக்கு வருவோம். 150 குதிரைத்திறனுக்கு விநாடிக்கு 110 கிராம் சொச்சம் காற்று வேண்டும். அரை பாரில் அது இரண்டு இன்ச் குழாயில் விநாடிக்கு 40 மீட்டர் வேகத்தில் போகும், இரண்டரை இன்ச்சில் 25 மீட்டர். இரண்டுமே கவலைப்பட வேண்டிய வேகமல்ல. எட்டு வளைவுகளோடு மூன்று மீட்டருக்கு அழுத்த இழப்பைப் போட்டுப் பார்த்தால் இரண்டு இன்ச்சில் சுமார் 0.05 பார், இரண்டரையில் 0.02 பாருக்கும் கீழே. வித்தியாசம் 0.03 பார். இதற்காக ரேடியேட்டர் ஃபேனை நகர்த்திக்கொண்டிருக்காதீர்கள். இந்த அளவு டர்போக்களின் வெளிவாயே இரண்டு இன்ச்சோ அதற்குக் கீழோதான், அதனால் டர்போவிலிருந்து இன்டர்கூலர் வரைக்கும் இரண்டு இன்ச் போடுங்கள், இடமும் தாராளமாகக் கிடைக்கும். இன்டர்கூலரிலிருந்து த்ராட்டில் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு) வரைக்கும் நீங்கள் வாங்கிய இரண்டரை இன்ச் செட்டையே வைத்துக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்கிவிட்டீர்கள், அது கெடுதலும் செய்யாது.

ஆனால் வளைவுகளைப் பார்த்து வாங்க வேண்டும். சைலன்சர் கடையில் பிரஸ்ஸில் வைத்து வளைத்தால் உள்பக்கம் நசுங்கிவிடும், வெளியே பார்க்க அழகாக இருக்கும். இரண்டு இன்ச் குழாயின் உள்விட்டம் 47 மில்லிமீட்டர், டேபிள் டென்னிஸ் பந்து 40. பந்தை ஒரு முனையில் போட்டு உருட்டுங்கள், நடுவில் மாட்டிக்கொண்டால் அந்த வளைவை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இனி வழி. உங்கள் எஞ்சினில் எக்ஸாஸ்ட் முன்பக்கம், அதாவது ரேடியேட்டரைப் பார்த்து இருக்கிறது. அதனால் டர்போவும் முன்னால்தான். காற்று நுழையும் இன்டேக் பின்பக்கம், எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள பயர்வால் பக்கம், த்ராட்டில் வாய் பேட்டரிப் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆகவே இயல்பான வழி இதுதான்: டர்போ வாயிலிருந்து நேராகக் கீழே இறங்கி, பேட்டரிக்கு எதிர்ப்பக்கம் போய், பீமுக்குக் கீழே இன்டர்கூலரில் நுழைய வேண்டும். இன்டர்கூலரின் மறுமுனையிலிருந்து கியர்பாக்ஸ் பக்கமாக மேலே ஏறி, பேட்டரி இருந்த இடம் வழியாக த்ராட்டிலைச் சேர வேண்டும். பேட்டரியைப் பின்னால் டிக்கிக்கு மாற்றிவிடுங்கள். கேபிளைத் தடிமனாகப் போட்டு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் வையுங்கள்.

பட்டறைக்காரர் சொல்லும் குறுக்கு வழியில் என்ன தப்பு என்றால், குளிர்ந்த காற்று எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலாகப் போகிறது. வெளியே 35 டிகிரி இருக்கும் நாளில், அரை பார் பூஸ்டில் டர்போவை விட்டு வரும் காற்று 90 டிகிரியைத் தாண்டும். சுமாரான இன்டர்கூலர் அதை ஐம்பது சொச்சத்துக்குக் கொண்டுவரும். அப்படி இறக்கிய காற்றைச் சிவக்கச் சிவக்கக் காயும் இரும்புக்கு மேலே அலுமினியக் குழாயில் ஊர்வலம் விட்டால் என்ன ஆகும்? காற்று வேகமாகப் போவதால் ஃபுல் த்ராட்டிலில் பெரிதாகச் சூடேறாது, உண்மைதான். ஆனால் லைனில் நிற்கும்போது, மெதுவாக ஒரு சுற்று வந்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது, குழாய் கொதித்துப்போயிருக்கும், அந்த முதல் சில விநாடிதான் நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாகவே வெடித்து எஞ்சினைத் தட்டுவது) வரும் நேரம். சூடான பாகத்துக்கும் குழாய்க்கும் ஒரு கையகலமாவது இடைவெளி விடுங்கள். முடியாத இடத்தில் நடுவில் ஒரு தகடு நிறுத்துங்கள், தகட்டுக்கு இரண்டு பக்கமும் காற்று போக வேண்டும், குழாயோடு ஒட்டிக் கட்டினால் பிரயோஜனமில்லை.

பலபேர் கோட்டைவிடுவது அசைவில். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, இன்டர்கூலர் பாடியில் போல்ட் போட்டு நிற்கிறது. ஒரு ஆளை பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்சை லேசாக விடச் சொல்லிவிட்டு, நீங்கள் வண்டிக்கு முன்னால் நிற்காமல் பக்கத்தில் நின்று பானட்டுக்குள் பாருங்கள். இருபது வயசு மவுண்ட் என்றால் எஞ்சினின் தலை ஒரு இன்ச் வரைக்கும் ஆடும். அந்த ஒரு இன்ச்சை எங்காவது ஒரு ஹோஸ் விழுங்க வேண்டும். அதனால் சூடான குழாயில் (டர்போவிலிருந்து இன்டர்கூலர் வரை) ஓர் இடத்திலும் குளிர்ந்த குழாயில் (அங்கிருந்து த்ராட்டில் வரை) ஓர் இடத்திலும், எஞ்சினிலிருந்து பாடிக்குத் தாண்டும் சந்தில், நடுவில் புடைத்திருக்கும் ஹம்ப் ஹோஸ் போடுங்கள். குழாய்க்கு பிராக்கெட் வைத்தால் எஞ்சின் பக்கத்துத் துண்டை எஞ்சினோடு மட்டும், பாடிப் பக்கத்துத் துண்டைப் பாடியோடு மட்டும் கட்டுங்கள். ஒரே துண்டை இரண்டிலும் கட்டி நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். பார்க்கக் கச்சிதமாக, ஆடாமல் அசையாமல் இருந்தது. மூன்றாவது டிராக் நாளில் இன்டர்கூலரின் ஓரத்து வெல்டிங் முடி கனத்துக்குக் கீறிவிட்டது, அந்த உஸ் சத்தத்தைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள்.

இப்போது கழன்ற ஹோஸ். இரண்டரை இன்ச் குழாயின் முனையில் அரை பார் அழுத்தம் என்றால் 16 கிலோ விசை. ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் யாரோ 16 கிலோ பலத்தில் குழாயை ஹோஸிலிருந்து உருவப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழுவழுப்பான முனையை வெறும் கிளாம்ப் மட்டும் பிடித்து நிற்காது. முனையைச் சுற்றி ஒன்றரை இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு மேடு வேண்டும். இந்த மேட்டை எழுப்பும் பீடிங் மெஷின் இல்லை என்றால் ஆர்கான் வெல்டிங்கில் சுற்றி ஒரு பொட்டு வரிசை ஓட்டச் சொல்லி, ஹோஸைக் கிழிக்காத மாதிரி ஃபைலில் மழுக்கிவிடுங்கள். கிளாம்ப் அந்த மேட்டின் மேல் உட்காரக் கூடாது, மேட்டைத் தாண்டி உள்ளே உட்கார வேண்டும். சாதா ஹோஸ் கிளிப்பின் பல்வரிசை சிலிகானை மென்றுவிடும், வழுவழுப்பான பட்டையை ஒரு போல்ட்டால் இறுக்கும் டி-போல்ட் கிளாம்ப் வாங்குங்கள், ஆனால் அதையும் வெறி கொண்டு முறுக்கினால் அலுமினியமே நசுங்கும்.

அப்புறம் ஒரு சந்தேகம். ஹோஸ் சுலபமாக ஏற எண்ணெய் தடவினீர்களா? பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும். எல்லாவற்றையும் கழற்றி, குழாயின் வெளிப்பக்கம், ஹோஸின் உள்பக்கம் இரண்டையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள், அந்த ஈரத்திலேயே ஏற்றுங்கள், அது ஆவியாகிப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை எஞ்சின் சூடாகி ஆறிய பிறகு எல்லா கிளாம்பையும் மறுபடி ஒரு தடவை பார்த்து இறுக்குங்கள்.

எண்ணெய் என்றதும் இன்னொன்று. எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸில் சேரும் ஆவியை இன்டேக் மேனிஃபோல்டுக்கு இழுக்கும் பிசிவி குழாய் வழியாக இனி பூஸ்ட் எதிர்த்திசையில் கிராங்க்கேஸுக்குள் போகும். அதில் ஒருவழி வால்வு இல்லை என்றால் ஆயில் சீல்கள் கசியும், டர்போவிலிருந்து ஆயில் வடிவதும் தடைபட்டு அது குழாய்க்குள் வந்து, நீங்கள் துடைத்த ஜாயின்ட்டை மறுபடி வழுக்கலாக்கும்.

டர்போவுக்கு முன்னால் இருக்கும் உறிஞ்சும் பக்கத்தில் மெல்லிய ரப்பர் ஹோஸ் போடாதீர்கள், ஃபுல் த்ராட்டிலில் உள்ளே சப்பிக்கொள்ளும். உலோகக் குழாய், அல்லது உள்ளே கம்பிச் சுருள் வைத்த ஹோஸ். ஃபில்டரைக் குளிர்ந்த காற்றுக்காக பம்பரின் அடியில் கொண்டுபோய் வைப்பார்கள், மழைநாளில் டிராக்கில் தேங்கிய தண்ணீரை ஒரு வாய் குடித்தால் கனெக்டிங் ராடு வளையும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் வைத்து ஒரு தடுப்பு கட்டினால் போதும்.

காலை எடுத்ததும் குழாயில் மிஞ்சும் அழுத்தத்தைத் திறந்துவிடும் புளோ-ஆஃப் வால்வைக் குளிர்ந்த பக்கம் த்ராட்டிலுக்குக் கிட்டே வையுங்கள். இந்த ஹோண்டா, இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை வைத்துக் காற்றைக் கணக்கிடுவதால் வெளியே ஊதினாலும் பெட்ரோல் கணக்கு கெடாது. காற்றின் வெப்பத்தைப் பார்க்கும் சென்சார் இன்டர்கூலருக்குப் பின்னால் இருக்க வேண்டும், முன்னால் இருந்தால் டியூனிங் செய்பவர் குருட்டாம்போக்கில்தான் வேலை செய்வார்.

ஒரு வார்த்தை, வண்டியை கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையம் டிராக்குக்கு ஓட்டிக்கொண்டே போகலாம் என்று நினைக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் 2019 ஜனவரியில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இந்த மாதிரி மாற்றத்துக்கு இடம் கொடுப்பதில்லை. டோயிங் வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் காற்றுச் சோதனை. ஹார்டுவேர் கடையில் 63 எம்எம் பிவிசி குழாய்த் துண்டும் எண்ட் கேப்பும் இரண்டு செட் வாங்குங்கள். ஒரு கேப்பில் ஓட்டை போட்டு டியூப்லெஸ் வால்வு மாட்டுங்கள். அதை டர்போ உறிஞ்சும் வாயிலும், மற்றதை த்ராட்டிலிலிருந்து கழற்றிய ஹோஸிலும் செருகி கிளாம்ப் போடுங்கள். டர்போ வாய் 63-க்கு ஒத்துவராவிட்டால் ஒரு ரெட்யூசர் ஹோஸ் வேண்டியிருக்கும். பஞ்சர் கடை கம்ப்ரசரில் 100 பிஎஸ்ஐக்கு மேல் நிற்கும், ரெகுலேட்டர் இல்லாமல் திறக்காதீர்கள். 10 பிஎஸ்ஐ (சுமார் 0.7 பார்) போதும். கேப்புக்கு நேராக முகத்தைக் காட்டாதீர்கள், கழன்றால் பல்லைப் பெயர்க்கும். சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் பிரஷ்ஷால் தடவுங்கள், வெல்டிங் கோட்டிலும் சேர்த்துத் தடவுங்கள். டர்போவின் ஷாஃப்ட் பக்கம் கொஞ்சம் காற்று ஆயில் பாதை வழியாகப் போவது சகஜம், ஹோஸ் விளிம்பில் நுரை பொங்கினால் அது சகஜமில்லை.

சோதனையில் தேறிய பிறகு ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் ஹோஸையும் குழாயையும் சேர்த்து வெள்ளை பெயிண்ட் மார்க்கரில் ஒரு கோடு போடுங்கள். முதல் ஐந்து சுற்று ஓட்டிவிட்டு வந்து பானட்டைத் திறந்து பாருங்கள். கோடு உடைந்து இரண்டு மில்லிமீட்டர் விலகியிருக்கும் ஜாயின்ட் எதுவோ, அடுத்து கழலப்போவது அதுதான்.