அவர்கள் சங்கைத் தேடி வரவில்லை

போன இதழில் வில்லியம் கோல்டிங்கின் 'லோர்ட் ஒஃப் த ஃபிளைஸ்' நாவலைப் பற்றி நான்கைந்து வரிதான் எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வந்ததில் எனக்கு மெத்தச் சந்தோஷம். வாசிக்காதவர்களுக்காகக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். போர்க்காலத்தில் ஆங்கிலேயச் சிறுவர்களை ஏற்றிச்சென்ற விமானம் விழுந்துவிடுகிறது. பெரியவர் ஒருவர்கூட இல்லாத தீவொன்றில் பிள்ளைகள் தனியே மாட்டிக்கொள்கிறார்கள். ரால்ஃப் தலைவனாகிறான். கடற்கரையில் கிடைத்த சங்கை ஊதித்தான் கூட்டம் கூட்டுவார்கள், சங்கு யார் கையிலோ அவன்தான் பேசலாம். தூரத்துக் கப்பலுக்குப் புகை தெரியவேண்டும் என்று பிக்கி என்ற பையனின் மூக்குக்கண்ணாடியால் மலையில் தீ மூட்டுகிறார்கள். ஜாக் வேட்டைக்குப் போகிறான், பிறகு தனிக் கூட்டம் சேர்த்துக்கொள்கிறான். காட்டில் ஏதோ மிருகம் இருக்கிறது என்ற பயம் பரவுகிறது, அதற்குப் படையலாக ஒரு பன்றித்தலையைக் கம்பில் குத்தி வைக்கிறார்கள், கடைசியில் சைமன் என்ற பையனும் பிக்கியும் மற்றப் பையன்களின் கையாலேயே சாகிறார்கள். நாவல் வந்தது 1954இல். கோல்டிங் பாடசாலை ஆசிரியராகவும், அதற்கு நடுவே இரண்டாம் உலகப்போரில் கடற்படை அதிகாரியாகவும் இருந்தவர்.

கேள்வி: சங்கு என்றால் ஜனநாயகம், கண்ணாடி என்றால் அறிவு, பன்றித்தலை என்றால் தீமை என்று நோட்ஸில் இருக்கிறது. பாடமாக்கிவிட்டேன். கதையை வாசிக்கும்போது எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. பிழை என்னிடமா?
*– உயர்தர மாணவி, தலவாக்கலை*

பதில்: இல்லை மகள், நோட்ஸைத்தான் குறை சொல்வேன். குறியீடு என்பது ஒரு பொருளுக்கு மேல் ஒட்டிய லேபல் மாதிரி இருந்தால் அந்தக் கதையை எழுதியிருக்கவே தேவையில்லை, லேபல்களை மட்டும் ஒரு தாளில் எழுதித் தந்திருக்கலாம். சங்கு முதலில் சங்குதான், கனமும் நிறமும் உள்ள ஒரு பொருள், ஊதத் தெரியாதவன் ஊதினால் அதிலிருந்து காற்றுதான் வரும். அது உயிர் பெறுவது எங்கே என்றால், அந்தப் பையன்கள் தாங்களாகவே 'இதை வைத்திருப்பவன் பேசட்டும், நாங்கள் வாயை மூடிக்கொண்டு இருப்போம்' என்று ஒத்துக்கொள்கிறார்களே, அங்கேதான். ஒத்துக்கொள்வதை அவர்கள் நிறுத்திய அன்றைக்கே அதன் உயிர் போய்விடுகிறது. பாறை விழுந்து அது நொறுங்குவது அதற்குக் கனநாள் கழித்துத்தான்.

ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இந்தச் சங்கு இன்னும் நெருக்கமாகப் புரியவேண்டும் என்பது என் எண்ணம். பட்டினத்தார் பாட்டில் மூன்று சங்கு வரும், குழந்தைக்குப் பாலூட்டும் சங்கு, கல்யாணச் சங்கு, கடைசியில் பிணத்துக்கு முன்னால் ஊதும் சங்கு. தோட்டத்து லயன் வீடுகளில் ஒரு சாவு விழுந்து தப்பும் சங்கும் கேட்டால் மலையில் நிற்கிறவர்கள் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு 'யார் வீடு?' என்றுதான் கேட்பார்கள். யாரும் விதி எழுதி வைக்கவில்லை, ஆனால் சத்தத்துக்கு எல்லோரும் கட்டுப்படுகிறோம்.

அப்புறம் இன்னொன்று. ஐந்தாவது அத்தியாயத்தில் கோல்டிங் போகிற போக்கில் ஒன்று சொல்கிறார், வெயிலும் காற்றும் பட்டு அந்தச் சங்கின் மஞ்சளும் இளஞ்சிவப்பும் வெளுத்து ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டது என்று. நமக்கு உடனே மூதுரை ஞாபகம் வரும், 'கெட்டாலும் மேன்மக்கள் மேன்மக்களே, சங்கு சுட்டாலும் வெண்மை தரும்'. ஔவையாருக்குச் சங்கின் வெண்மை எவ்வளவு சுட்டாலும் மாறாத உயர்ந்த குணம். கோல்டிங்கிடம் அதே வெண்மை, வலு வடிந்துகொண்டிருப்பதன் அடையாளம். நல்ல வீட்டுப் பிள்ளை எந்த நிலையிலும் நல்ல பிள்ளைதான் என்ற நம்பிக்கையோடுதான் அவர் சண்டை பிடிக்கிறார். இதைப் பரீட்சையில் எழுதுங்கள், நோட்ஸில் இருக்காது.

கேள்வி: என் மகன் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, 'நம்ம தோட்டத்துக் கோயில்ல கெடா வெட்டுறதும் இதே காட்டுமிராண்டித்தனந்தானே' என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
*– தோட்டக் கோயில் கமிட்டி உறுப்பினர், பொகவந்தலாவை*

பதில்: மகன் கேட்டது நல்ல கேள்வி, அவரை அதட்ட வேண்டாம். உயிர்ப்பலி வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம், அதை அவரோடு தாராளமாகப் பேசுங்கள். ஆனால் இந்த நாவல் காட்டுகிற கொடுமை அது இல்லை.

சைமன் சாகும் இடத்தை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். மலை உச்சியில் இருப்பது மிருகம் இல்லை, பரசூட்டோடு செத்துக் கிடக்கும் ஒரு மனிதன் என்று கண்டுபிடித்து, அதைச் சொல்லத்தான் அவன் இருட்டில் தட்டுத்தடுமாறி இறங்கி வருகிறான். கீழே இடி, மழை, வட்டமாக ஆட்டம், 'மிருகத்தைக் கொல்லு' என்ற கூச்சல். ரால்ஃபும் பிக்கியும்கூட அந்த வட்டத்தில் இருக்கிறார்கள். அடித்தும் கடித்தும் கொன்றுவிடுகிறார்கள். மறுநாள் காலையில் பிக்கி சொல்வது என்ன? அது விபத்து, நாங்கள் வெளிப்பக்கமாகத்தான் நின்றோம். நான் கொன்றேன் என்று சொல்ல ஒருத்தனும் இல்லை. நம் கோயிலில் கத்தி பிடிப்பவர் யார் என்று தோட்டத்துக்கே தெரியும், எந்த வீட்டு நேர்த்தி என்று தெரியும், பங்கு பிரித்து எல்லா வீட்டுக்கும் போகும். மறைக்க ஒன்றும் இல்லை.

ஆனாலும் உங்கள் மகனுக்கு ஏன் அப்படித் தோன்றியது என்பதில் கோல்டிங்குக்கும் பங்கு உண்டு. பையன்கள் கெட்டுப்போகிறார்கள் என்று காட்ட அவர் எடுத்தது முகத்தில் சாயம், ஈட்டி, நெருப்பைச் சுற்றி ஆட்டம். இவையெல்லாம் வெள்ளைக்காரன் நம்மைப் போன்றவர்களை வரைந்த பழைய படத்திலிருந்து வந்தவை. முதல் பிரித்தானியப் பதிப்பில் பிக்கி பேசும் ஒரு வசனத்தில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லே இருந்தது, பிறகு மாற்றினார்கள். இதை நான் மன்னித்துவிட்டு வாசிப்பதில்லை, பார்த்துக்கொண்டே வாசிக்கிறேன்.

அதே நேரம் அவர் உடைத்த பொய்யையும் சொல்லியாக வேண்டும். 1857இல் பலன்டைன் என்பவர் எழுதிய 'த கோரல் ஐலன்ட்' கதையிலும் ரால்ஃபும் ஜாக்கும் தீவில் மாட்டிக்கொள்கிறார்கள். அங்கே ஆங்கிலப் பையன்கள் தங்கம், காட்டுமிராண்டிகள் எல்லாம் வெளியே இருப்பவர்கள். கோல்டிங் அதே பெயர்களை எடுத்து, 'நாங்கள் காட்டுமிராண்டிகள் இல்லை, நாங்கள் ஆங்கிலேயர்' என்று ஜாக்கைப் பேசவிட்டு, அவனைக்கொண்டே எல்லாவற்றையும் செய்விக்கிறார். மலைநாட்டுக்காரருக்கு இதில் அதிசயம் இல்லை. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த வெள்ளைக்கார மேஜர் ரோஜர்ஸ் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று சொல்வார்கள், 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார், கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. யானை சுடுவதற்கு அந்தக் காலத்தில் விளையாட்டு என்று பெயர்.

கேள்வி: நாற்பது வருடம் பிள்ளைகளோடு இருந்தவன் நான். தனியே விட்டால் பிள்ளைகள் இப்படிக் கொல்வார்கள் என்று என்னால் ஏற்கமுடியவில்லை.
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், அப்புத்தளை*

பதில்: நீங்கள் ஏற்காததற்கு உண்மையான சாட்சியே இருக்கிறது சேர். 1965இல் டொங்கா நாட்டில் விடுதிப் பாடசாலைப் பையன்கள் ஆறு பேர் ஒரு படகை எடுத்துக்கொண்டு ஓடி, புயலில் அகப்பட்டு, அட்டா என்ற ஆளில்லாத் தீவில் ஒதுங்கினார்கள். 15 மாதம் அங்கே இருந்தார்கள். தீயை அணையவிடாமல் முறை வைத்துக் காத்தார்கள், மரத்தைக் குடைந்து மழைநீர் சேர்த்தார்கள். சண்டை வந்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போய்க் கோபம் தணிந்து வரவேண்டும். ஒருத்தன் கால் முறிந்தபோது மற்றவர்கள் கட்டுப் போட்டு, அவன் வேலையையும் தாங்களே செய்தார்கள். 1966இல் பீற்றர் வோர்னர் என்ற ஆஸ்திரேலியக் கப்டன் அவர்களை மீட்டார்.

ஆகவே 'மனிதன் இயல்பிலேயே மிருகம்' என்று இந்த நாவலைச் சுருக்குகிறவர்களோடு நானும் உடன்படமாட்டேன். எனக்கு இதில் முக்கியமான இடம் ரோஜர் என்ற பையன் கல் எறியும் இடம். மணலில் விளையாடும் ஒரு சின்னப் பையனைச் சுற்றி அவன் கல் எறிகிறான், ஆனால் படாமல் எறிகிறான். அந்தப் பிள்ளையைச் சுற்றி கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம், அதற்குள் எறிய அவனுக்குத் துணிவு இல்லை. பெற்றோர், பாடசாலை, பொலிஸ், சட்டம் எல்லாம் சேர்ந்து போட்ட வட்டம் அது. பின்னால் பிக்கியின் மேல் பாறையை உருட்டுபவனும் இதே ரோஜர்தான். நடுவில் அவனுக்குப் புதிதாக ஒரு குணம் முளைக்கவில்லை, வட்டம்தான் அழிந்துபோயிருந்தது.

கோல்டிங்குக்கு நோபல் பரிசு கிடைத்தது 1983இல். அந்த ஆண்டு ஜூலையில் எனக்குப் பத்து வயது. இரண்டு இரவு தேயிலைச் செடிகளுக்குள் படுத்திருந்தோம், அம்மா தங்கச்சியின் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார். டவுன் கடைகள் எரிவது மேலே தெரிந்தது. மேல் ரோட்டில் போன கூட்டத்தில் லேஞ்சியால் முகத்தைக் கட்டியிருந்த ஒருவரின் குரலை அப்பா அடையாளம் கண்டுகொண்டார், நாங்கள் மாதாமாதம் சாமான் வாங்கும் கடையில் நிற்பவர். காக்கவேண்டியவர்கள் சந்தியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் அதே ஆள் அம்மாவுக்குப் பருப்பு நிறுத்துக் கொடுத்தார், அவர் கை நடுங்கவில்லை. ஜாக் முகத்தில் சாயம் பூசிக்கொண்டதும் வெட்கம் அவனை விட்டுப்போகிறது என்ற வரியைப் பல வருடம் கழித்து வாசித்தபோது புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன்.

கேள்வி: இதைப்போல வேறு நாவல்கள்?
*– வாசகர், மாத்தளை*

பதில்: ஸ்டீவன்சனின் ஜெகில்–ஹைட் கதை, 1886. நல்ல பெயர் எடுத்த டொக்டர் ஜெகில் மருந்து குடித்துத் தன் கெட்ட பக்கமான ஹைட்டாக மாறுகிறார். ஹைட் ஏன் ஜெகிலைவிட உருவத்தில் சிறியவன் என்று கவனியுங்கள், அதுவரை அந்தப் பக்கத்துக்குத் தீனி குறைவு என்று ஜெகிலே விளக்கம் தருகிறார். அடுத்தது கொன்ராட்டின் 'ஹார்ட் ஒஃப் டார்க்னஸ்', 1899இல் சஞ்சிகையில் வந்தது. கொங்கோவில் யானைத்தந்தம் சேர்க்கும் குர்ட்ஸ், காட்டுமிராண்டி வழக்கங்களை ஒழிப்பது பற்றி அழகான அறிக்கை எழுதி, அடியில் கையால் 'எல்லா மிருகங்களையும் அழித்துவிடு' என்று, அங்குள்ள மனிதர்களைத்தான் சொல்லி, கிறுக்கிவைக்கிறான். அவன் வீட்டைச் சுற்றிக் கம்புகளில் தெரிவது அலங்காரக் குமிழ் என்று நினைத்துத் தொலைநோக்கியில் பார்த்தால் மனிதத் தலைகள். இந்த நாவல் ஆபிரிக்கரை மனிதராகவே காட்டவில்லை என்று சினுவா அச்செபே 1975இல் ஆற்றிய உரையையும் தேடி வாசியுங்கள். இரண்டையும் வாசித்தால்தான் சரி.

கேள்வி: பிக்கியின் கண்ணாடி பற்றி ஒரு வினா வரும் என்கிறார்கள். எப்படி எழுதுவது?
*– உயர்தர மாணவன், ஹட்டன்*

பதில்: தம்பி, 'கண்ணாடி என்பது அறிவு' என்று தொடங்க வேண்டாம். அது யார் கைக்குப் போகிறது என்று பக்கம் பக்கமாகப் பின்தொடருங்கள். முதலில் பிக்கியின் முகத்திலிருந்து கேட்காமல் பிடுங்கித் தீ மூட்டுகிறார்கள். (குறும்பார்வைக்குப் போடும் குழிவு வில்லையால் வெயிலைக் குவிக்கமுடியாது, விஞ்ஞானப் பிரிவு நண்பர்களைக் கேட்டால் சொல்வார்கள். கோல்டிங் விட்ட பிழை அது, கதைக்குக் கெடுதல் இல்லை.) அப்புறம் ஜாக் அடித்த அடியில் ஒரு வில்லை உடைகிறது. பிறகு ஒரு இரவு ஜாக்கின் ஆட்கள் குடிசைக்குள் புகுந்து அடித்துவிட்டு ஓடுகிறார்கள். சங்கைத்தான் எடுக்க வந்தார்கள் என்று நினைத்துத்தான் பிக்கி பதறுகிறான். சங்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதை அவர்கள் தொடவும் இல்லை. கொண்டுபோனது கண்ணாடியை. அவர்களுக்குத் தேவைப்பட்டது நெருப்பு, அதுவும் இறைச்சி சுட. மறுநாள் கண் தெரியாத பிக்கி, யாருக்குமே வேண்டாத அந்தச் சங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைத் திருப்பிக் கேட்க ஜாக்கின் கோட்டைப் பாறைக்கு நடந்து போகிறான்.